யோசனையால் வந்ததா, ஓமோனால் வந்ததா?

"யோசிச்சு யோசிச்சே உடம்பு இப்பிடிப் போச்சுது" என்று எமது பெண்கள் சொல்வதை எந்தக் கிராமத்திலும் கேட்கலாம். களைப்பு, உடல் ஊதுதல், மாதவிடாய் பிசகுதல், பால் குறைதல் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே காரணம்தான். இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி தெரியாததால், குளிசையால் கட்டுப்படுத்தக்கூடிய நோயையும் தலைவிதி என்று சுமந்து திரிபவர்கள் பலர்.

வியர்வைச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் தாம் சுரப்பதைச் சிறு கான்கள் வழியாக வெளியே விடுகின்றன. வேறு சில சுரப்பிகளுக்குக் கான் கிடையாது. அவை சுரப்பது நேரே குருதியில் கலந்து உடலெங்கும் போகிறது. இவற்றைத்தான் அகஞ்சுரக்கும் சுரப்பிகள் என்கிறோம். அவை சுரக்கும் பொருள் ஓமோன். தூண்டிவிடுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை 1905இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் லண்டன் பேராசிரியர் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங். மூளையின் அடியில் கடலையளவில் தொங்கும் கபச்சுரப்பி மற்றச் சுரப்பிகள் பலவற்றுக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கபச்சுரப்பியை ஆட்டுவிப்பது அதற்கு மேலேயுள்ள மூளைப்பகுதி. பயமும் பசியும் துக்கமும் உடம்புக்குள் இறங்கும் வாசல் இதுதான்.

ஷெல் கூவும் சத்தம் கேட்ட கணத்தில் உடம்பில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல இருக்கும் அதிரினல் சுரப்பிகள் ஒருசில செக்கன்களுக்குள் அதிரினலினைக் கொட்டின. நெஞ்சு படபடத்தது, மூச்சு வேகமானது, ஈரலில் சேமித்திருந்த சீனி குருதிக்கு வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடும் பலம் அப்படித்தான் கிடைத்தது. அடுத்ததாகக் கோட்டிசோல் என்ற ஓமோன் கூடி, அந்த நிலையை நீடிக்க வைக்கிறது. ஆபத்து நீங்கினால் இரண்டும் தணிய வேண்டும். பயம் மாதக்கணக்காக நீடித்தால் அந்த ஒழுங்கு குழம்பி நித்திரை கெடுகிறது. பிரஷருக்கும் சலரோகத்துக்கும் அது துணைபோகலாம். இன்றும் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் சிலருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இது பைத்தியமல்ல, பழைய ஆபத்தை மறக்காத மூளை சுரப்பியை உசுப்புகிறது, அவ்வளவுதான். ஆனால் அதனால் நித்திரையும் வேலையும் கெடுகிறதென்றால் வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

மாதவிடாயும் மூளையின் அதே பகுதியில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து கபச்சுரப்பிக்கும், அதிலிருந்து சூலகத்துக்கும் கட்டளை போக வேண்டும். உண்ண உணவில்லை, உயிருக்கு உத்தரவாதமில்லை என்றால் மூளை அந்தக் கட்டளையை நிறுத்திவிடுகிறது. பிள்ளை பெறும் காலமல்ல இது என்பதுபோல. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் யுத்தத்தால் பஞ்சம் வந்தபோது ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனது. உணவு கிடைத்த பின்னர் அது திரும்பியது, குழந்தைகளும் பிறந்தன. ஆகவே இடப்பெயர்வில் மாதவிடாய் நின்றவரின் கருப்பை பழுதாகிவிட்டது என்று பேசுவது தவறு. அதைச் சொல்லிக் கலியாணப் பேச்சைக் குழப்புவது அதைவிடப் பெரிய பாவம். ஆனால் நிம்மதியான காலத்திலும், கர்ப்பமில்லாமல், மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் பரிசோதிக்க வேண்டும்.

தாய்ப்பால் விடயத்தில் இரண்டு ஓமோன்கள் வேலை செய்கின்றன. புரோலக்ரின் பாலை உண்டாக்குகிறது, ஒட்சிற்றோசின் அதை மார்பிலிருந்து இறக்குகிறது. பயத்தாலும் பதற்றத்தாலும் தடைப்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். பால் வற்றவில்லை, இறங்கவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால், பிள்ளை உறிஞ்சுவது குறைந்து, உண்மையாகவே பால் குறைந்துவிடும். தாயை ஓரிடத்தில் இருத்தி, குடிக்க ஏதாவது கொடுத்து, பிள்ளையை மார்போடு அணைத்து அடிக்கடி உறிஞ்ச விட்டால் பால் இறங்கும். பக்கத்திலிருக்கும் மாமியார், அக்காமார் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

இனி, யோசனை என்று பெயர் சூட்டப்படும் இன்னொரு நோய். கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைரொயிட் சுரப்பி, உடம்பு எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது குறைவாகச் சுரந்தால் களைப்பு, நித்திரைத் தூக்கம், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல், தோல் வரட்சி, எடை கூடுதல், அதிக மாதப்பெருக்கு, மறதி, மனச்சோர்வு எல்லாம் வரலாம். கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு தனியே நிற்கும் ஒரு பெண்ணுக்கு இவை வந்தால் யார் சுரப்பியைச் சந்தேகிப்பார்கள்? துக்கம் என்றே சொல்வார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு கூடுதலாக வருகிறது. கூடுதலாகச் சுரந்தால் நேர்மாறு: மெலிவு, படபடப்பு, கைநடுக்கம், வியர்வை.

கண்டுபிடிப்பது கடினமல்ல. தைரொயிட் குறைந்தால் கபச்சுரப்பி தன் கட்டளை ஓமோனைக் கூட்டிவிடும். குருதியில் அந்த ரி.எஸ்.எச். அளவைப் பார்த்தால் விடயம் தெரிந்துவிடும். களைப்பென்று வைத்தியரிடம் போகும்போது, "தைரொயிட்டும் பார்க்க வேணுமோ?" என்று நீங்களே கேளுங்கள்.

தைரொயிட் ஓமோனைச் செய்ய அயடீன் வேண்டும். அது போதாமல் கழுத்து வீங்குவதே கண்டக்கழலை. 1995 முதல் இலங்கையில் மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். ஆனால் கல்லுப்பைக் கழுவிப் பாவிக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. கழுவும் தண்ணீரோடு அயடீனும் போய்விடும். மூடிய பாத்திரத்தில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுவது நல்லது. அயடீன் போதியளவு கிடைப்பவர்களுக்கும் இந்த நோய் வருகிறது என்பதால், உப்பு மட்டும் மருந்தாகாது.

தைரொக்சின் குளிசை தந்தால் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது கழித்துத் தேநீர் குடியுங்கள். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணித்தியால இடைவெளி விடுங்கள். சுகமாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பம் தரித்தாலும் நிறுத்தாமல், உடனேயே கிளினிக்கில் சொல்லுங்கள். வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கும் அந்த ஓமோன் தேவைப்படுவதால் பெரும்பாலும் குளிசையின் அளவைக் கூட்டித் தருவார்கள்.