விம் எடிட்டர் தகராறு செய்கிறதா?



லினக்ஸ் லேப்பில் விம் எடிட்டரை முதல் தடவை திறந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதிலேர்ந்து எப்படிடா வெளியே வர்றது?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்கேப் கீயை அழுத்துங்கள். பிறகு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எழுதியது வேண்டும் என்றால் கோலன், டபிள்யூ, க்யூ. (கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளவும்.)

வெளியே வரத் தெரிந்த பிறகும் பலர் விம்மை விட்டு ஓடுகிறார்கள். கேட்டால், "திடீர் திடீர்னு தகராறு பண்ணுதுப்பா" என்பார்கள். நான் பார்த்தவரை அது தானாகத் தகராறு செய்வதில்லை. யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அதைச் செய்கிறது. சொன்னது டெர்மினலாக இருக்கலாம், நம் கையாக இருக்கலாம். பெரும்பாலும் சீனியர் அண்ணனிடம் வாங்கி அப்படியே போட்டுக்கொண்ட விம்ஆர்சி ஃபைலாக இருக்கும். யார் சொன்னது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கொஞ்சம் பூர்வீகம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவராக இருந்த பில் ஜாய் 1976-இல் எழுதியது விஐ எடிட்டர். அவர் உபயோகித்த டெர்மினலில் ஹெச், ஜே, கே, எல் கீக்களின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. அதனால்தான் இன்றைக்கும் அந்த நாலு கீயால் நகர்கிறோம். அதை மேம்படுத்தி, நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991-இல் அமிகா கம்ப்யூட்டருக்காக வெளியிட்டதுதான் விம். காசு கிடையாது; விருப்பமுள்ளவர்கள் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார்.

இனி தகராறுகளுக்கு வருவோம்.

விண்டோஸ் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அடிப்போம். ஸ்க்ரீன் உறைந்துபோகும், எந்தக் கீயும் வேலை செய்யாது. உடனே ஜன்னலை மூடுவார்கள், சிலர் ஸ்விட்சையே அணைப்பார்கள். ஐயோ, வேண்டாம்! அது டெலிடைப் காலத்து "நிறுத்து" சமிக்ஞை. நின்றது டெர்மினல்தான், விம் அல்ல. கன்ட்ரோல்-க்யூ அடித்தால் எல்லாம் திரும்பி வரும்.

கீழே போக ஜே அடித்தால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா? கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். உபுன்டு போட்ட புது மெஷினில் அம்புக்குறியைத் தட்டினால் ஏ, பி, சி, டி என்று எழுத்து விழுகிறதா? அது விம்மின் டைனி என்ற குட்டி வடிவம், பழைய விஐ மாதிரி நடந்துகொள்கிறது. முழு விம்மை இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று பலரைக் குழப்புவது. லைன் நம்பர் தெரியவேண்டும் என்று ஆசையாக ஒரே ஒரு வரி போட்டு விம்ஆர்சி உருவாக்குவோம். நம்பர் வந்துவிடும், ஆனால் இருந்த கலர் போய்விடும்! 2016-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து, நமக்கென்று விம்ஆர்சி இல்லாதபோது மட்டும் விம் தன் டிஃபால்ட்ஸ் ஃபைலைப் படிக்கிறது. நாம் ஒன்றை வைத்ததும், "இவருக்கு எல்லாம் தெரியும்போல" என்று அதை விட்டுவிடுகிறது. கலர் திரும்ப வர, விம்ஆர்சியின் முதல் வரியாக சின்டாக்ஸ் ஆன் என்று எழுதுங்கள். இரண்டாவது வரியாக ஃபைல்டைப் ப்ளக்இன் இன்டென்ட் ஆன் என்று சேர்த்தால், மேக்ஃபைலில் டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் விழுந்து "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று திட்டு வாங்குவதும் நிற்கும்.

கரன்ட் கட் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். முதலில் மெழுகில் சிலை செய்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். வெண்கலம் மெழுகைவிட ஏறத்தாழ 9 மடங்கு கனம். மெழுகின் எடையைக் கொடுத்தால் உலோக எடை எவ்வளவு என்று சொல்ல, தெரிந்த பட்டறைக்காக ஒரு சின்ன சி புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கரன்ட் போயிற்று. திரும்ப வந்து ஃபைலைத் திறந்தால் ஸ்க்ரீன் முழுக்க "அட்டென்ஷன்" என்று ஒரு நீளமான செய்தி.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ரெக்கார்டு புரோகிராமையே தொலைக்கிறார்கள். படிக்காமல் டி கீயைத் தட்டினால் போச்சு, அது டெலீட். நாம் எழுதும்போதே விம் ஒரு ஸ்வாப் ஃபைலில் குறித்துக்கொண்டே வருகிறது. 200 எழுத்து அடித்ததும் எழுதும். 4 விநாடி கையை எடுத்தாலும் எழுதும். ஆகவே போவது கடைசி ஒன்றிரண்டு வரிதான். ஆர் கீயைத் தட்டுங்கள், ரெக்கவர் ஆகும். உடனே பழைய பெயரில் சேவ் செய்யாமல் கோலன், டபிள்யூ, வேறு ஒரு பெயர் என்று எழுதி, டிஃப் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். திருப்தி என்றால் புதியதை வைத்துக்கொண்டு, புள்ளியில் ஆரம்பித்து எஸ்டபிள்யூபி என்று முடியும் ஸ்வாப் ஃபைலை நீங்களே அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே செய்தி வரும். செய்தியில் "ஸ்டில் ரன்னிங்" என்று இருந்தால் அது விபத்து அல்ல. அதே ஃபைல் வேறொரு ஜன்னலில் திறந்திருக்கிறது. க்யூ தட்டிவிட்டு அங்கே போங்கள்.

இவ்வளவும் ஸ்வாப் ஃபைல் இருந்தால்தான். கைமாறி வரும் விம்ஆர்சிகளில் "செட் நோஸ்வாப்ஃபைல்" என்ற வரி அடிக்கடி இருக்கிறது. ஃபோல்டர் சுத்தமாக இருக்கட்டும் என்று யாரோ போட்டது. கரன்ட் நம்மூர் மாதிரி போய்வரும் இடத்தில் அந்த வரி ஆகாது. முதலில் அதை எடுங்கள்.

இரவல் விம்ஆர்சியில் எந்த வரி கெடுக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? விம் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, இரண்டு மைனஸ், க்ளீன் என்று திறந்து பாருங்கள். தொல்லை காணாமல் போனால் குற்றவாளி நம் ஃபைலுக்குள் அல்லது ப்ளக்இன்களுக்குள் இருக்கிறான். விம்ஆர்சியின் நடுவில் ஃபினிஷ் என்று ஒரு வரி எழுதினால் அதற்குக் கீழே உள்ளதை விம் படிக்காது. தொல்லை போய்விட்டதா, காரணம் கீழ்ப்பாதியில். இன்னும் இருக்கிறதா, மேல்பாதியில். இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் 80 வரி ஃபைலில் 7 தடவைக்குள் அந்த ஒரு வரியில் போய் நிற்பீர்கள். நம் பாடத்தில் வரும் பைனரி சர்ச்சேதான்!

எந்த செட்டிங் என்று தெரிந்திருந்தால் இன்னும் சுலபம். டேப் அளவு ஏன் 8 ஆனது என்று தெரியவேண்டுமா? கோலன், வெர்போஸ் செட் டேப்ஸ்டாப், கேள்விக்குறி. அளவோடு சேர்த்து, கடைசியாக அதை மாற்றியது எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று விம்மே காட்டிக்கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இதுதான்.

கடைசியாகத் தமிழ். பட்டறைக்காரர்களுக்கு "மெழுகின் எடை என்ன?" என்று தமிழில் கேட்டால்தானே நன்றாக இருக்கும்? 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக்கொண்டு எழுதினால் சரம் ஜோராக வரும். எஸ்கேப் அடித்து நகரப் பார்த்தால் விம் நகராது. ஏனென்றால் ஹெச், ஜே, கே, எல் இருக்கும் இடத்தில்தான் தமிழ்99-இல் க, ப, ம, த இருக்கின்றன! விம்முக்குப் போவது ஜே அல்ல, ப.

இதற்கு வழி, தமிழை வெளியில் வைக்காமல் விம்முக்குள்ளேயே வைப்பது. டாட் விம் ஃபோல்டருக்குள் கீமேப் என்று ஒரு ஃபோல்டர், அதில் டமில்99 டாட் விம் என்று ஒரு ஃபைல். முதல் வரி லோட்கீமேப். அதன் கீழே வரிக்கு ஒன்றாக, ஹெச் என்றால் க, ஹெச் க்யூ என்றால் கா, ஹெச் எஸ் என்றால் கி, ஹெச் எஃப் என்றால் க். மொத்தம் 247 எழுத்துக்கு 247 வரி. கையால் அடிக்காதீர்கள், இரண்டு லூப் போட்டு ஒரு புரோகிராமையே எழுதவிடுங்கள். பிறகு கோலன், செட் கீமேப் ஈக்வல்டு டமில்99. எழுதும்போது கன்ட்ரோல்-6 தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும். எஸ்கேப் அடித்ததும் ஜே பழையபடி ஜேதான்.

டெர்மினலில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். எழுத்தை வரைவது டெர்மினல், ஃபைல் கெடவில்லை. சந்தேகம் இருந்தால் கர்சரை எழுத்தின்மேல் வைத்து ஜி, 8 அடியுங்கள், அதன் பைட்டுகள் கீழே தெரியும். அ, க என்று எதுவானாலும் 3 பைட். கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனியாக 3. அதன்படி "செம்பு" என்ற சின்னச் சொல் 18 பைட். பிரின்ட்எஃப் பைட்டைத்தான் எண்ணுகிறது. அதனால் தமிழ்த் தலைப்புப் போட்ட பத்திகள் கோணலாக வந்தால் விம்மின் டேப்பைக் குறை சொல்லாமல், இடைவெளியை நீங்களே எண்ணிப் போடுங்கள்.