இஞ்சினே சுழன்ற போர் விமானம்

முதல் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட சாப்வித் கேமல் விமானத்தில், விசிறியோடு சேர்ந்து இஞ்சினும் சுழலும். நடுத்தண்டு விமானத்தின் உடலோடு இறுகப் பூட்டியிருக்க, ஒன்பது சிலிண்டர்களும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றும். அந்தச் சுற்றிலேயே காற்றுப் பட்டுச் சூடு தணிந்துவிடும். ரேடியேட்டரும் தண்ணீரும் தேவையில்லாததால் எடை மிச்சம்.

இதற்கு ஊற்றிய எண்ணெய் நம் விளக்கெண்ணெய்தான். பெட்ரோல் கலவை இஞ்சின் கூட்டுக்குள் புகுந்தே சிலிண்டருக்குப் போக வேண்டும். வேறு எண்ணெய் என்றால் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். எரியாமல் தப்பிய எண்ணெய் புகையாகவும் துளியாகவும் பின்னால் சிதறி, திறந்த இருக்கையில் உட்கார்ந்திருந்த விமானியின் முகத்திலும் கண்ணாடியிலும் படிந்தது. அதைச் சுவாசித்துப் பலருக்கு வயிறு போனது.

கேமலின் பலமும் ஆபத்தும் அந்தச் சுழற்சிதான். சுற்றும் பம்பரத்தைத் தட்டினால் அது தட்டிய பக்கம் போகாமல் வேறு பக்கம் விலகும் அல்லவா? கேமலும் வலப்புறம் திரும்பினால் மூக்கைக் கீழே இறக்கும், இடப்புறம் திரும்பினால் மேலே தூக்கும். இஞ்சின், துப்பாக்கிகள், பெட்ரோல், விமானி என்று எடையில் பெரும்பகுதி முன்பக்கமே குவிந்திருந்ததால் வலப்புறத் திருப்பம் மின்னல் வேகம். எதிரியிடம் சிக்கியவர் உயிர் பிழைக்க அது போதும். ஆனால் 1917-ல் புதிதாக ஏறிய இளைஞர்களுக்கு அதுவே எமன். போதாக்குறைக்கு, தரையிலிருந்து எழும்பியதும் கலவையில் பெட்ரோலைக் குறைக்க மறந்தால் இஞ்சின் திணறி நிற்கும், மூக்கு சரியும், சமாளிக்க உயரம் இருக்காது. அருகில் அமர்ந்து சொல்லித்தர ஆளுக்கும் இடமில்லை. இருவர் அமரும் பயிற்சிக் கேமல் வந்தது பிறகுதான். அந்தத் தாமதத்துக்கு எத்தனை பிள்ளைகள் பலியானார்கள் என்பது நெஞ்சை உறுத்துகிறது.

இந்த விமானத்தில் போரிட்டவர்களில் ராவல்பிண்டியில் பிறந்த சீக்கியர் ஹர்தித் சிங் மாலிக்கும் ஒருவர். தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதற்கு மேல் பொருந்தும் பெரிய தலைக்கவசம் அணிந்தே பறந்தார். 1917 அக்டோபர் 26 அன்று வான்சண்டையில் அவர் காலில் குண்டு பாய்ந்தது. அந்த நிலையிலும் விமானத்தைத் தரையிறக்கி உயிர் பிழைத்தார். சுதந்திர இந்தியாவின் தூதராகப் பிரான்சுக்குப் பின்னாளில் போனார்.