மாங்கொட்டை தின்ற கோழியைச் சாப்பிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனிகளுக்கு லீவு. திருப்பூரில் கறிக்கடை வாசலில் தூக்குப்பாத்திரத்தோடு கூட்டம். "கோழிக்குப் பழக்கழிவெல்லாம் போடறாங்களாமே, வாங்கலாமுங்களா?" என்று ஒரு அம்மா கேட்கிறார். நியாயமான சந்தேகம்தான்.

கறிக்கோழிக்குப் பேர்போன ஊர், பக்கத்திலுள்ள பல்லடம். அங்கே தீவனத்தில் பிரதானம் மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும்தான். கோழி வளர்க்கும் செலவில் ஏறக்குறைய 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடும். எத்தனால் தயாரிக்கவும் சோளம் போவதால் விலை வேறு ஏறுகிறது. அதனால்தான் மாற்றுத் தீவனம் தேடுகிறார்கள்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் நிறைய. கூழ் எடுத்த பிறகு, பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோலும் கொட்டையுமாக மிஞ்சும். கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் மாவுச்சத்து, கொழுப்பு எல்லாம் உண்டு. ஆனால் கூடவே 'டானின்' என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கிறது. அது புரதத்தைச் செரிக்க விடாது. கோழி எடை போடாது. பருப்பை ஊறவைத்தோ வேகவைத்தோ உலர்த்தினால் டானின் குறையும். அப்போதும் சோளத்தில் ஒரு சிறு பங்குக்குப் பதிலாகத்தான் சேர்க்கலாம். தோலில் நார் அதிகம். மாடு அசைபோட்டுச் செரித்துவிடும், கோழியால் முடியாது.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? பழத்துக்கு அல்ல, பூஞ்சைக்கு! ஈரக்கழிவில் பெரும்பகுதி தண்ணீர். உடனே உலர்த்தாவிட்டால் பூசணம் பிடிக்கும். சரியாகக் காயாத சோளத்துக்கும் இதே கதிதான். சிலவகைப் பூஞ்சைகள் 'அஃப்ளாடாக்சின்' என்ற நச்சை உண்டாக்கும். கோழியின் ஈரலைக் கெடுக்கும் இந்த நச்சு, சமைத்தாலும் முழுசாகப் போகாது. ஆக, நன்றாக உலர்த்தி, பக்குவப்படுத்தி, அளவோடு கொடுத்தால் அது தீவனம். அழுகியதை அள்ளிக் கொட்டினால் விஷம்.

வீட்டுக்குச் சில யோசனைகள்:

* ஈரல் வாங்கும்போது கவனியுங்கள். வெளிறி வீங்கியிருந்தால் வேண்டாம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து நச்சைக் கண்டுபிடித்துவிட முடியாது.

* கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறீர்களா? பப்பாளி, தர்பூசணித் தோலை அன்றன்றைக்கே போடுங்கள். மிச்சத்தை மாலையில் கூட்டி அள்ளிவிடுங்கள்.

* வெண்ணெய்ப்பழத்தின் தோலும் கொட்டையும் கோழிக்கு ஆகவே ஆகாது.

* பூசணம் பூத்த ரொட்டி, கடலை, சோளத்தை 'வீணாகுதே' என்று கோழிக்குப் போடாதீர்கள். கோழி தின்பது நாளைக்கு உங்கள் குழம்பில்தான் கொதிக்கும்!