பிள்ளைக்கு 'உரம்' விழுந்திருக்கா?



சாயங்காலமானால் கைப்பிள்ளை வீறிட்டு அழுவதும், பால் குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்வதும் வீட்டுக்கு வீடு உள்ளதுதான். உடனே யாராவது, "உரம் விழுந்திருக்கு, எடுத்து விடு" என்பார்கள். பிள்ளையைச் சீலையில் கிடத்தி, இரண்டு பேர் முனைகளைப் பிடித்து அங்கும் இங்கும் உருட்டுவார்கள். சிலர் கழுத்தையும் தோளையும் நீவி இழுப்பார்கள்.

தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகளின் பிள்ளைக்கும் ஐந்தாம் வாரத்தில் இதே அழுகை. "உரம்தான்" என்றனர் அக்கம்பக்கத்தார். "பால் பத்தலை, டப்பாப் பால் கொடுங்க" என்றார் சம்பந்தி அம்மா. மகளோ பிள்ளையோடு சேர்ந்து அழுதாள். மெல்போர்னில் இருக்கும் என் தங்கை மகள், "பெரியம்மா, இங்கேயும் இதே கதைதான்" என்று போனில் சொன்னாள்.

அவள் சொன்னது கைரோபிராக்டிக் என்ற வைத்தியம். 1895-ல் அமெரிக்காவில் தொடங்கியது. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வார்களாம். பச்சைப் பிள்ளைகளின் அழுகைக்கும் பால் குடிக்காததற்கும் இதைச் செய்துவந்தார்கள். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் முதுகெலும்பில் இதைச் செய்யக் கூடாது என்று 2019-ல் ஆஸ்திரேலிய வாரியம் நிறுத்தியது. 2023-ல் தளர்த்தினார்கள். சுகாதார அமைச்சர்கள் எதிர்க்கவே, 2024-ல் மறுபடியும் நிறுத்திவிட்டார்கள். ஆறு சிறு ஆய்வுகளைச் சேர்த்து 2012-ல் பரிசீலித்தவர்களும், பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே முடித்தார்களாம்.

நாங்கள் குழந்தை டாக்டரிடம் போனோம். பிறந்தபோது 2.8 கிலோ இருந்த பிள்ளை, 3.6 கிலோ ஆகியிருந்தது. "எடை ஏறுது, ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போகுது. பிறகு பால் பத்தலைன்னு யார் சொன்னது?" என்று கேட்டார். இந்த அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்குமாம். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எந்த வைத்தியம் செய்தாலும் நாலாம் மாதம் அழுகை நிற்கும். புண்ணியம் கடைசியாகத் தொட்ட கைக்குப் போய்விடும்!

நர்ஸ் அம்மா, மகள் பால் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். பிள்ளை காம்பை மட்டும் பிடித்தால் தாய்க்குப் புண்ணாகும், பிள்ளைக்கும் சரியாகப் பால் வராது. வாயை அகலத் திறந்ததும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி அணைக்க வேண்டும். பிள்ளையின் தாடை மார்பில் பட வேண்டும். குடித்து முடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்யணும். இரண்டே நாளில் மகளின் வலி குறைந்தது. சாயங்கால அழுகை மட்டும் இன்னும் சில வாரம் இருந்தது. வீட்டில் ஆளுக்கொரு நேரம் தூக்கி நடந்தோம், அவளும் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

வர்மம் தெரிந்த ஆசான்மார் வாழும் மண் இது. பெரியவர்கள் சுளுக்குக்கு அவர்களிடம் போவது வேறு. கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டுவது வேறு. வேகமாகக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியக்கூடும். இதமாக எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுங்கள், அது போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம்.

மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உரம், தொக்கம் என்று நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை பெற்றவளிடம் "உனக்குப் பால் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுவே பெரிய வைத்தியம்.

— ஒரு வாசகி, பூதப்பாண்டி