அறிவிப்பு வராவிட்டால்?

வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதும் கைப்பேசித் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. அது வங்கியிலிருந்து நேராக நம்மிடம் வருவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இடையே ஓர் அஞ்சல்காரர் இருக்கிறார்.

ஐபோனுக்கு அவர் ஆப்பிள் நிறுவனம். 2009 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குப் பெரும்பாலும் கூகுள். அதன் சேவை கிடைக்காத சீனாவில் ஹுவாவே, ஷாவ்மி முதலிய நிறுவனங்கள் தத்தம் கைப்பேசிகளுக்குத் தனித்தனி வழி அமைத்துள்ளன.

கைப்பேசியில் உள்ள ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. அதுவே முகவரி. கைப்பேசியை மாற்றினால் குறியும் மாறும். புதியதில் செயலியைத் திறந்து உள்நுழைந்த பிறகே வங்கி அதனை அறியும்.

தடைகள் இன்னும் சில உள. இணையம் இல்லையேல் அறிவிப்பு வந்து சேராது. 2022இல் வெளியான ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி நம் அனுமதி பெற்றே அறிவிப்புக் காட்ட இயலும். சில கைப்பேசிகள் பேட்டரியைச் சேமிக்கும் பொருட்டு, அடிக்கடி திறக்காத செயலிகளை உறங்க வைத்துவிடும், அறிவிப்பு தாமதமாகும்.

ஆதலின் மூத்தோர் செய்யத்தக்கவை மூன்று. கைப்பேசியின் 'அமைப்புகள்' பகுதியில் வங்கிச் செயலிக்கு அறிவிப்பு அனுமதி அளித்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இணையமின்றியும் வரும் குறுஞ்செய்தி வசதியை நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒருமுறையேனும் கணக்கைப் பாருங்கள். அறிவிப்பு வரவில்லை என்பதனாலேயே பணம் பத்திரமாக இருக்கிறது என்று பொருளன்று.