ரூபாய்க்குப் பின்னால் ரிசர்வ் வங்கி... பிட்காயினுக்குப் பின்னால் யார்? கிரிப்டோவின் உண்மையான மதிப்பு என்ன?

2022 பிப்ரவரி 1. கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி என்று பட்ஜெட்டில் அறிவித்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். 'வரியே போட்டுட்டாங்க, அப்போ இது நிஜமான சொத்துதானே!' என்று பலரும் நினைத்தார்கள். ஒன்பதே நாட்களில் வந்தது அடுத்த செய்தி. கிரிப்டோவுக்கு அடிப்படை மதிப்பு எதுவும் கிடையாது, ஒரு டுலிப் பூ அளவுக்குக்கூட இல்லை என்றார் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ். 17-ம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் டுலிப் கிழங்குகளின் விலை தாறுமாறாக ஏறி, 1637-ல் ஒரேயடியாகச் சரிந்த கதையைத்தான் அவர் நினைவூட்டினார்.

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு பதிலைச் சொன்னது. வசிர்எக்ஸ் தளத்தில் முடக்கப்பட்ட காயின்களுக்காக ஒரு முதலீட்டாளர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ கையால் தொடக்கூடிய பொருளும் அல்ல, பணமும் அல்ல. ஆனாலும் அது ஒரு 'சொத்து' என்று நீதிமன்றம் கூறியது.

வரி கட்டணும், சொத்தாகவும் இருக்கும், ஆனா மதிப்பு மட்டும் இல்லையா? குழப்பமாக இருக்கிறதல்லவா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விலை வேறு, மதிப்பு வேறு

இதைப் புரிந்துகொள்ள ஒரு எளிய கேள்வி போதும்: நாளை முதல் இதை உங்களிடமிருந்து வாங்க யாருமே இல்லை என்றால், உங்கள் கையில் என்ன மிஞ்சும்?

வீடு என்றால் அதில் குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம். லாபம் ஈட்டும் கம்பெனியின் பங்கு என்றால் டிவிடெண்ட் வரும். ஃபிக்ஸட் டெபாசிட் என்றால் வட்டி வரும். தங்கச் சங்கிலி என்றால் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். பிட்காயின் என்றால், ஒரு டிஜிட்டல் கணக்கேட்டில் உங்கள் பெயர்கூட இல்லாத ஒரு பதிவு மட்டுமே மிஞ்சும்.

பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் வாதமும் இதுதான். அமெரிக்காவின் விவசாய நிலத்தில் 1 சதவீதத்தை 2,500 கோடி டாலருக்குக் கொடுத்தால் உடனே செக் எழுதுவேன், ஆனால் உலகில் உள்ள மொத்த பிட்காயினையும் வெறும் 25 டாலருக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்று 2022-ல் தன் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில் சொன்னார். நிலம் விளைச்சல் தரும். பிட்காயினை யாரிடமாவது திரும்ப விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது அவர் கணக்கு.

2021 நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலர். ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே போனது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. இந்த மூன்று நாட்களிலும் பிட்காயின் செய்த வேலை ஒன்றேதான்: சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கேட்டில் ஒரு பக்கம் சேர்ப்பது. மாறியது வாங்குபவர்களின் மனநிலை மட்டுமே.

'ரூபாய் நோட்டும் வெறும் பேப்பர்தானே?'

கிரிப்டோ ஆதரவாளர்கள் முதலில் வீசும் கேள்வி இது. பாதி நியாயமானதும்கூட. 1971-ல் அமெரிக்க அதிபர் நிக்சன், டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தார். இன்று எந்தப் பெரிய நாட்டின் பணத்தையும் கொடுத்து மத்திய வங்கியில் தங்கம் கேட்க முடியாது.

ஆனால், ரூபாய்க்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமல்ல. ரூபாய் நோட்டில் ஆளுநரின் கையெழுத்துடன் ஒரு உறுதிமொழி இருக்கும். கணக்கு வழக்கில் அது ரிசர்வ் வங்கியின் கடன். அந்தக் கடனுக்கு ஈடாகத் தங்கம், அந்நியச் செலாவணிப் பத்திரங்கள், அரசுப் பத்திரங்கள் எல்லாம் வங்கியின் சொத்தாக இருக்கின்றன. எல்லாவற்றையும் விட முக்கியம், இந்தியாவில் வரியை ரூபாயில்தான் கட்ட முடியும். ஹோம் லோன் இஎம்ஐயும் ரூபாயில்தான். அதனால் ரூபாயை வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் கோடிக்கணக்கானோருக்கு இருக்கிறது.

பிட்காயினை வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அதைச் சட்டப்பூர்வ பணமாக 2021-ல் அறிவித்த முதல் நாடு எல் சால்வடார். அங்கேயே, சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த கடன் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டு, கடைக்காரர்கள் பிட்காயினை ஏற்பது அவரவர் விருப்பம் என்றானது.

'மொத்தமே 2.1 கோடிதான்... அரிதாச்சே!'

பிட்காயினின் நிரலில் உச்சவரம்பு இருப்பது உண்மை. 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உருவாகாது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வரத்தும் பாதியாகக் குறையும். 2024 ஏப்ரல் முதல் ஒரு நாளைக்குச் சுமார் 450 பிட்காயின்தான் புதிதாக வருகிறது.

ஆனால் அரிதாக இருப்பதாலேயே ஒன்றுக்கு மதிப்பு வந்துவிடாது. உங்கள் பள்ளி நோட்டில் நீங்கள் வரைந்த படமும் உலகில் ஒன்றே ஒன்றுதான். அதை வேண்டும் என்று கேட்க ஆள் இருக்க வேண்டும். மேலும், பிட்காயினின் நிரல் எல்லோருக்கும் திறந்தது. அதைச் சற்று மாற்றி 2011-ல் லைட்காயின் வந்தது. 2013-ல் இரண்டு பேர் விளையாட்டாக உருவாக்கிய டோஜ்காயினும் இன்றுவரை விலை போகிறது. பிட்காயினுக்கு வரம்பு உண்டு, கிரிப்டோ காயின்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது.

'இவ்வளவு கரண்ட் செலவாகுதே?'

ஒரு பிட்காயினை உருவாக்க ஏகப்பட்ட மின்சாரம் செலவாகிறது, எனவே அந்தச் செலவுதான் அதன் அடிப்படை மதிப்பு என்பது இன்னொரு வாதம். இது தலைகீழான கணக்கு. ஆயிரம் அடிக்கு போர் போட்டும் தண்ணீர் வரவில்லை என்றால், செலவழித்த பணத்துக்காக அந்தக் குழியை யாரும் வாங்க மாட்டார்கள்.

பிட்காயினில் இது இன்னும் வெளிப்படை. விலை ஏறினால் அதிக இயந்திரங்கள் போட்டிக்கு வரும். சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிரின் கடினத்தை நிரல் தானாகவே கூட்டும் அல்லது குறைக்கும். 2021-ல் சீனா மைனிங்கைத் தடை செய்தபோது பெருமளவு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் அணைந்தன. உடனே கடினம் குறைந்தது, மிச்சமிருந்தவர்களுக்குச் செலவும் குறைந்தது, நெட்வொர்க் நிற்காமல் ஓடியது. அதாவது, விலையைப் பின்தொடர்ந்து செலவு போகிறதே தவிர, செலவு விலையைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

அப்போ முழுக்க முழுக்க காற்றுதானா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. கிரிப்டோ எல்லாம் ஒரே ரகம் இல்லை.

*பிட்காயின்:* யாருடைய அனுமதியும் இல்லாமல், எந்த நாட்டுக்கும் மதிப்பை அனுப்பலாம். வங்கிக் கணக்கு முடக்கப்படும் அபாயத்தில் வாழ்பவர்களுக்கு இது நிஜமான பயன். தங்கத்துடன் ஒப்பிடுவதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. தங்கத்தின் தேவையில் தொழில்துறைப் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நகை போக மீதியெல்லாம் 'நாளைக்கும் விலை போகும்' என்ற நம்பிக்கைதான். ஆனால், தங்கத்தின் மீதான அந்த நம்பிக்கைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வயது. பிட்காயின் பிறந்தது 2009 ஜனவரியில்.

*ஈதர்:* எத்தீரியம் நெட்வொர்க்கில் எந்தப் பரிவர்த்தனைக்கும் கட்டணமாக ஈதர் கொடுக்க வேண்டும். ஆக, நெட்வொர்க்குக்குப் பயன் இருக்கும்வரை ஈதருக்கும் தேவை இருக்கும். ஆனால் அந்தப் பயனில் பெரும்பகுதி மற்ற டோக்கன்களை வாங்கி விற்பதுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

*ஸ்டேபிள்காயின்:* ஒரு காயின் எப்போதும் ஒரு டாலர் என்று வாக்குறுதி தருபவை. இங்கேதான் 'பின்னால் என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. யுஎஸ்டிசி காயினுக்குப் பின்னால் நிஜ டாலர்கள் இருந்தன. 2023 மார்ச்சில் அதில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் சிக்கியதும் காயின் 90 சென்ட்டுக்கும் கீழே போனது. பணம் பத்திரம் என்று தெரிந்ததும் சில நாட்களில் மீண்டது. டெராயுஎஸ்டி காயினோ, லூனா என்ற இன்னொரு காயினையும் ஒரு அல்காரிதத்தையும்தான் பிரதானமாக நம்பியிருந்தது. 2022 ஏப்ரலில் 100 டாலரைத் தாண்டிய லூனா, மே மாத நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. இரண்டுமாகச் சேர்ந்து சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு சில நாட்களில் காணாமல் போனது.

*மற்றவை:* மீம் காயின்கள், திடீர் டோக்கன்கள். ஆரம்பக் கேள்வியை இவற்றிடம் கேட்டால் பதில் பூஜ்யம்தான்.

லாபம் எங்கிருந்து வருகிறது?

கம்பெனி பொருள் விற்றுச் சம்பாதித்ததில் பங்குதாரருக்குப் பங்கு கிடைக்கிறது. பிட்காயின் எதையும் விற்பதில்லை. நீங்கள் எடுக்கும் லாபம், உங்களுக்குப் பிறகு அதிக விலை கொடுத்து வாங்குபவரின் பணம். அதற்குள் மைனிங் செய்பவர்கள் கரண்ட் பில் கட்டுவதற்காக விற்கும் காயினையும் யாரோ வாங்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் போக வேண்டும். மொத்தமாகப் பார்த்தால், உள்ளே வந்த பணத்தைவிட வெளியே எடுக்கக்கூடிய பணம் குறைவுதான்.

இந்தியாவில் வரியும் சேர்கிறது. ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு காயினில் 1 லட்சம் ரூபாய் லாபம், அதே ஆண்டில் இன்னொரு காயினில் 80,000 ரூபாய் நஷ்டம். 'நிகர லாபம் 20,000தானே' என்று நினைப்பீர்கள். ஆனால் கிரிப்டோ நஷ்டத்தை லாபத்தில் கழிக்க அனுமதி இல்லை. ஒரு லட்சத்துக்கும் 30% வரி, அதன்மேல் 4% செஸ். ஆக மொத்தம் 31,200 ரூபாய். கடைசியில் 11,200 ரூபாய் கைநஷ்டம்!

சரி, நீதிமன்றம் 'சொத்து' என்றதே?

அந்தத் தீர்ப்பு சொல்வது உரிமையைப் பற்றி. உங்கள் காயின் உங்களுடையது, அதை வைத்திருக்கும் தளம் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு அது வலு சேர்க்கிறது. அந்தச் சொத்து எவ்வளவு பெறும் என்பதை எந்த நீதிமன்றமும் சொல்லாது. வரித்துறையும் அப்படித்தான். லாட்டரிப் பரிசுக்கும் 30% வரி உண்டு. அதனால் லாட்டரி முதலீடாகிவிடவில்லை.

அடுத்த முறை ஆபீஸ் கேன்டீனில் யாராவது 'மச்சி, இந்த காயின் பத்து மடங்கு போகும்' என்றால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதை விற்பதைத் தவிர வேறு எதற்குப் பயன்படுத்த முடியும்? இதற்குப் பின்னால் சொத்து இருக்கிறது என்றால், அது எங்கே, யார் தணிக்கை செய்தது? நான் போடும் பணம் முழுவதும் போனாலும் அடுத்த மாத இஎம்ஐ கட்ட முடியுமா?

முதல் இரண்டுக்கும் 'தெரியல' என்றும், மூன்றாவதற்கு 'முடியாது' என்றும் பதில் வந்தால், அன்றைக்கு டீயோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.