எந்தக் கரையில கால் நனைக்கலாம்?

மதுரைக்காரங்ககிட்ட எல்லாமே இருக்கு. மல்லி இருக்கு, ஜிகர்தண்டா இருக்கு, காத்து வாங்க மலை இருக்கு. இல்லாத ஒண்ணே ஒண்ணு கடல்! திருப்பரங்குன்றத்துப் பசங்க தினமும் பார்க்கிற பெரிய தண்ணின்னா அது தென்கால் கண்மாய்தான். அதனாலதான் கடைசிப் பரீட்சை எழுதி முடிச்ச கையோட, "மாப்ள, ராமேஸ்வரம் போவோமாடா?"ன்னு ஒரு குரல் கிளம்புது.

போகலாம். தாராளமா போகலாம். ஆனா, எந்தக் கடற்கரைக்கு? அங்கே ஒண்ணு இல்லை பாஸ், ஏகப்பட்டது இருக்கு. செல்போன்ல யாரோ போட்ட போட்டோவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. காலண்டரைப் பார்த்து முடிவு பண்ணுங்க!

கிரேக்க நாட்டுத் தீவுகளான மைக்கோனோஸ், நாக்ஸோஸ் பக்கம் போறவங்க இதைத்தான் செய்றாங்க. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே 'மெல்டெமி' என்கிற வடக்குக் காத்து பலமா வீசும். அப்போ வடக்கே பார்த்த கரைகள் கொந்தளிக்கும். தெற்கே பார்த்த கரைகள் அநேகமா அமைதியா இருக்கும். அதனால காத்து எந்தப் பக்கம்னு பார்த்துட்டுத்தான் துண்டையே தோளில் போடுவாங்க. நம்ம பாம்பன் தீவுக்கும் இதே கணக்குதான்.

இரண்டு கடல், இரண்டு சீசன்

ராமேஸ்வரம் இருக்கும் இந்தத் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடக்குக் கடலை 'பெண் கடல்' என்பார்கள், அமைதியானது என்பதால். தெற்குக் கடல் அலை அடிக்கிற 'ஆண் கடல்'. ஆனா, பேரை மட்டும் நம்பி இறங்கிடக் கூடாது. அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காத்து வீசும்போது, அந்தப் பெண் கடலும் பொங்கும். மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காத்து வீசும்போது, தெற்குக் கடல் ஆட்டம் போடும். பிப்ரவரி, மார்ச்சில் ரெண்டு பக்கமும் ஓரளவு சாந்தமா இருக்கும்.

இப்போ உங்க லீவை இதோட பொருத்திப் பாருங்க. மே மாத லீவா? வடக்குக் கரை. நவம்பர், டிசம்பர் லீவா? தெற்குக் கரையில் நின்னு வேடிக்கை பாருங்க. அது புயல் சீசன் என்பதால வானிலை அறிக்கையைக் கேட்காம கிளம்பவே கிளம்பாதீங்க.

குளிக்க எது, பார்க்க எது?

அரியமான்: தீவுக்குப் போறதுக்கு முன்னாடியே, உச்சிப்புளி பக்கத்தில் இருக்கு. வடக்குக் கரை. சவுக்குத் தோப்பு நிழல், ரொம்ப தூரத்துக்கு ஆழமில்லாத தண்ணி. கடலையே முதல்முறை பார்க்கிற கேங்குக்கு மே மாதத்தில் இதுதான் முதல் சாய்ஸ்.

வில்லூண்டி தீர்த்தம்: தங்கச்சிமடம் பக்கம். கடலுக்குள்ளே ஒரு சின்னப் பாலம், அதன் கடைசியில் ஒரு கிணறு. சுத்தி உப்புத் தண்ணி, கிணத்துக்குள்ளே நல்ல தண்ணி! ஒரு வாய் குடிச்சுப் பார்த்தாத்தான் நம்புவீங்க.

அக்னி தீர்த்தம்: கோயிலுக்கு நேர் கிழக்கே. பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். ஆனா, அது பக்தர்கள் நீராடுற, திதி கொடுக்கிற இடம். பந்து விளையாடி, பாட்டுப் போட்டு, அழுதுட்டு நிக்கிறவங்களைச் சங்கடப்படுத்தாதீங்க. சூரிய உதயம் பார்க்க மட்டும் எழுந்து போங்க.

குந்துகால்: பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா ஓரம். சிகாகோவில் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் வந்து இறங்கிய இடம். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். நினைவு மண்டபம் இருக்கு. சாயங்காலம் கரையில் உட்கார்ந்து பேச அருமையான இடம்.

அரிச்சல்முனை: எல்லோரும் போகத் துடிக்கிற இடம். ராமேஸ்வரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். ரெண்டு பக்கமும் கடல், நடுவில் கோடு போட்ட மாதிரி ரோடு. 2017-ல் அந்த ரோடு திறக்கிற வரைக்கும் கடைசி தூரத்தை மணலில் குலுங்கிக் குலுங்கி வேனில்தான் கடக்கணும். இங்கே பார்க்கலாம், படம் எடுக்கலாம். குளிக்க மட்டும் கூடாது!

ஏன் கூடாது?

"நான் கிணத்துல டைவ் அடிச்சுப் பழகினவன்டா"ன்னு ஒருத்தன் ஒவ்வொரு கேங்கிலும் இருப்பான். கிணத்துத் தண்ணி நின்ன இடத்தில் நிக்கும். அரிச்சல்முனையில் ரெண்டு கடலும் வந்து முட்டுது. மேலே பார்த்தா சாது, கீழே இழுப்பு. மணல் திட்டும் ஒரே இடத்தில் இருக்காது. இன்னைக்கு முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் நாளைக்கு ஆள் ஆழம் இருக்கும். அங்கே எச்சரிக்கைப் பலகை வச்சிருப்பது அழகுக்கு இல்லை.

எந்தக் கடற்கரையிலும் இழுப்பில் மாட்டினா, கரையை நோக்கி நேரா எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துடாதீங்க. மிதந்து மூச்சைப் பிடிங்க. கரைக்கு இணையா பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்க. கரையில் நிக்கிறவங்க காப்பாத்துறேன்னு வரிசையா குதிக்க வேண்டாம். கயிறு, காலி கேன், எது மிதக்குமோ அதை வீசிட்டு மீனவர்களைக் கூப்பிடுங்க.

கடலோட கோபம் எப்படி இருக்கும்னு தனுஷ்கோடியே சொல்லும். 1964 டிசம்பர் 22 இரவு அடிச்ச புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அப்படியே கடலுக்குள் போனது. தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட ஊர், ஒரே ராத்திரியில் இடிபாடாச்சு. அந்த சர்ச் சுவர் முன்னாடி செல்ஃபி எடுக்கலாம். மேலே ஏறி நின்னு சேட்டை பண்ண வேண்டாமே. இன்னமும் அங்கே குடிசை போட்டு மீன் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கு.

கிளம்புறதுக்கு முன்னாடி...

மதுரை ஜங்ஷனில் ரயில் ஏறினா மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியா சுமார் 160 கிலோமீட்டர். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில், நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தா மேலே போய்க் கப்பலுக்கு வழி விடும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டா தப்பே இல்லை!

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போங்க. இருட்டுறதுக்கு முன்னாடி திரும்பிடணும். குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம் கண்ணில் படலாம். 2025-ல் அந்த இடத்தை பூநாரை சரணாலயமாவே அறிவிச்சாச்சு. பக்கத்தில் போய் விரட்டிப் பறக்கவிட்டு வீடியோ எடுக்காதீங்க.

பவளப்பாறைத் துண்டை யாராவது விலைக்கு நீட்டினா கும்பிடு போட்டு நகருங்க. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சேர்ந்து 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பவளம் எடுக்கிறதும் விக்கிறதும் வாங்குறதும் குற்றம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் போய், "மீன் ஏன் இவ்வளவு விலை?"ன்னு ஹோட்டல்காரரோட மல்லுக்கட்டாதீங்க.

கடைசியா, தண்ணியில் காலை வைக்கிறதுக்கு முன்னாடி, கரையில் வலை பின்னிட்டிருக்கிற பெரியவரிடம், "அண்ணே, இன்னைக்கு எறங்கலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவர் கடலை ஒரு பார்வை பார்த்துட்டு "வேணாம் தம்பி"ன்னு சொன்னா, அன்னைக்கு மணலில் கபடி ஆடிட்டுத் திரும்புங்க. கடல் எங்கேயும் போயிடாது. அடுத்த லீவுக்கும் அங்கேயேதான் இருக்கும். நீங்களும் இருக்கணும், இல்லையா?